மறுமுனையில் இருப்பவர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

இரவு பதினொன்றரை மணி. ஒடுகத்தூரை அடுத்த ஒரு சிற்றூர். திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்திச் சரிந்து விழுகிறார். மருமகள் கைபேசியை எடுத்து 108 என்ற எண்ணை அழுத்துகிறாள். பாடத்தின் பொருட்டு நாம் அமைத்துக்கொண்ட உரையாடல்தான் இது. ஆயினும் அவசரத்தில் பேசியவர் எவரும் இதில் தம் குரலை ஓரளவு அடையாளம் காண்பார்.

“வணக்கம், 108. என்ன உதவி வேணும் அம்மா?”

“சார், எங்க மாமா விழுந்துட்டாரு. சீக்கிரமா வண்டி அனுப்புங்க.”

“எந்த ஊரும்மா?”

“அணைக்கட்டு சார்.”

“வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரா? இல்ல, வாலாஜா பக்கத்துல பாலாத்து அணைக்கட்டா?”

“இன்னா சார் கேள்வி கேட்டுட்டே இருக்கீங்க! இங்க உயிரு போவுது. வண்டிய அனுப்புங்க சார் மொதல்ல!”

இந்த இடத்தில் அவள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறாள். அவள்மீது குறை சொல்வதற்கில்லை. கண்ணெதிரே ஒருவர் துடிக்கும்போது ஊர் எது, எந்தப் பக்கம் என்ற வினாக்கள் கொடுமையாகவே தோன்றும். ஆனால் அவள் துண்டித்தபோது மறுமுனையில் இருந்தவரிடம் எஞ்சியது ஒரு கைபேசி எண்ணும் இரண்டு இடங்களுக்குப் பொருந்தும் ஒரு பெயரும் மட்டுமே. அவர் திரும்ப அழைக்க முயல்வார். அந்த நேரத்தில் அவளோ அண்ணனுக்கோ பக்கத்து வீட்டுக்கோ பேசிக்கொண்டிருப்பாள். எண் கிடைக்காது.

எனவே மறுமுனையில் இருப்பவரைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வோம். அவர் வேலை இன்னதென்று அறிந்தவரின் அழைப்பு வேறு விதமாக அமையும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2005 ஆகஸ்ட் 15 அன்று, ஐதராபாத்தில் இந்த எண் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. நம் வட்டத்தின் எந்த மூலையிலிருந்து 108 ஐ அழைத்தாலும் அழைப்பு அணைக்கட்டுக்கோ வேலூருக்கோ போவதில்லை. சென்னையில் உள்ள மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே காதில் ஒலிக்கருவியுடன் கணினி முன் அமர்ந்திருப்பவர் உங்கள் ஊரைப் பார்த்திராதவராக இருக்கலாம். முந்தைய அழைப்பு கன்னியாகுமரியிலிருந்து வந்திருக்கும், அடுத்தது கிருஷ்ணகிரியிலிருந்து வரும். “எங்க ஊரு பெரிய ஆலமரம் கிட்ட” என்பது நமக்கு முழு முகவரி. அவருக்கு அது ஒரு மரம்.

அவரிடம் உள்ளவை உங்கள் குரல், தட்டச்சுப் பலகை, ஒரு வரைபடம். மருத்துவருக்கு நாடி பிடிக்கக் கை உண்டு, செவிலியருக்குப் பார்க்கக் கண் உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. நோயாளியின் முகம் வெளுத்திருக்கிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா என்பதை உங்கள் கண்ணால்தான் அவர் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குள்ள ஒரே வழி கேட்பதுதான்.

கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதால் வண்டி தாமதமாகிறது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. பொதுவாக இத்தகைய அறைகளில் அழைப்பைக் கேட்பதும் வண்டியை அனுப்புவதும் தனித்தனிப் பணிகளாகப் பிரிந்திருக்கும். ஒருவர் பேசப் பேசத் திரையில் பதிவாகும் விவரம் வண்டியை ஒதுக்கும் மற்றவருக்குத் தெரியும். இடம் உறுதியானதும் வண்டி புறப்படலாம். அதன்பின் வரும் கேள்விகள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடப்பவை. அவற்றுக்கு நீங்கள் சொல்லும் விடைகள் வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருக்குப் போய்ச் சேரும். எதை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதை அவர் வழியிலேயே முடிவு செய்வார். ஐயம் எழுந்தால் கட்டுப்பாட்டு அறையில் பணியில் உள்ள மருத்துவரிடம் அவர் தொலைபேசியில் ஆலோசனையும் கேட்பார்.

அவசரத்துக்கென்று தனி எண் என்ற ஏற்பாடே ஒரு தாமதத்திலிருந்து பிறந்தது. 1935 நவம்பர் 10 அன்று இலண்டனின் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் மாண்டனர். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். மற்ற அழைப்புகளோடு அவர் அழைப்பும் இணைப்பகத்தில் வரிசையில் காத்துக் கிடந்தது. அவர் அதைக் குறித்து நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று இலண்டனில் 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 க்கு முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் விடுக்கப்பட்டது. இந்தியாவில் இப்போது காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாக 112 என்ற எண்ணும் உண்டு.

எண் ஒன்றானது. அழைப்பை எடுத்தவர் என்ன பேச வேண்டும் என்பது அதன் பின்னரும் நெடுங்காலம் அவரவர் திறமைக்கே விடப்பட்டிருந்தது. 1970களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டி நகரில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் இதற்கு ஒரு முறை வகுத்தார். மூச்சுத்திணறலுக்கு இன்ன கேள்விகள், தீக்காயத்துக்கு இன்ன கேள்விகள், வண்டி வரும்வரை அழைத்தவர் செய்ய வேண்டியவை இன்னவை என்று அட்டைகளில் எழுதி, அழைப்பு எடுப்பவர் கையில் கொடுத்தார். இன்று உலகின் பல நாடுகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்த அட்டைகளே மூதாதை. ஆகவே ஒரே தொனியில், ஒரே வரிசையில் கேள்விகள் வருவதைக் கேட்டு, எதிரில் இருப்பவருக்கு இரக்கமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பதற்றத்தில் எதுவும் விட்டுப்போகாதிருக்க அந்த வரிசை வேண்டியிருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம்: எந்த இடம்?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்கே நாம் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். என்ன நோய் என்று தெரியாமல் போனாலும் இடம் தெரிந்தால் வண்டி வந்துவிடும். இடம் தெரியாவிட்டால், நோய் இன்னதென்று எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் பயனில்லை. நம் பகுதியில் இது எளிதான கேள்வியும் அன்று. ‘அணைக்கட்டு’ என்பது நமக்கு ஊர்ப்பெயர், வட்டத்தின் பெயர், சட்டமன்றத் தொகுதியின் பெயர். தமிழ் அறிந்த வேறெவருக்கும் அது ஆற்றின் குறுக்கே கட்டிய அணை. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றில் அப்படியொரு அணைக்கட்டு இருக்கவும் இருக்கிறது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் குழப்பம் இன்னும் கூடியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. வாலாஜாவும் ஆற்காடும் இராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. இன்றும் ஆம்பூர்க்காரர் பலர் பழக்கத்தில் “வேலூர் மாவட்டம்” என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே இடத்தைச் சொல்லும்போது பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். மாவட்டம், வட்டம், ஊராட்சி, சிற்றூர், தெரு, அடையாளம் என்ற வரிசை நல்லது. “வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா” என்று தொடங்கினாலே பாதி ஐயம் நீங்கிவிடும். அடையாளமாகச் சொல்வது வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநர் இரவிலும் காணக்கூடியதாக இருக்கட்டும்: பள்ளிக்கூடம், நியாயவிலைக் கடை, மேல்நிலை நீர்த்தொட்டி, கோவில் கோபுரம், பெட்ரோல் நிலையம். ஊர்க்காரருக்கு மட்டுமே தெரிந்த பட்டப்பெயர் வேண்டா.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்து என்றால் இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே என்பதைப் போல எந்த இரு ஊர்களுக்கு நடுவில் என்பது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நன்று. மற்றொன்று, வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது. நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்த்திசையில் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் விபத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிச் சென்று, திரும்பும் வழி தேடி அலைய நேரும்.

மலையூர்களின் நிலை வேறு. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகள் அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலையின் இந்தப் பகுதிகளில் ‘கொல்லை’ என்று முடியும் குக்கிராமங்கள் பல. 2023 மே மாதம் அல்லேரி மலைக் குக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த குழந்தையை, சரியான சாலை இல்லாததால், உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க இயலவில்லை. குழந்தை இறந்தது. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட, பெற்றவர்கள் அதைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தார்கள். நாடு முழுதும் அச்செய்தி பேசப்பட்டது. அங்கே தவறு அழைப்பில் இல்லை, சாலையில் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எவ்வளவு திறமையாக வினவினாலும் சாலை போட்டுத்தர அவரால் முடியாது. இதை மறைத்துவிட்டு, நன்றாகப் பேசினால் எல்லாம் சரியாகும் என்று இங்கே எழுதுவது நேர்மையாகாது. ஆனால் மலையிலிருந்து அழைப்பவர் கூடுதலாக ஒன்றைச் சொல்லலாம்: வண்டி எதுவரை ஏறிவரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நோயாளியை எந்த இடத்துக்குத் தூக்கிவர முடியும். இரு தரப்பும் ஒரே இடத்தில் சந்திக்க முடிவு செய்துவிட்டால், வண்டி ஒரு வளைவிலும் நோயாளி வேறொரு வளைவிலும் காத்திருக்கும் அவலம் நேராது. கைபேசிக் கோபுரத்தின் வீச்சு எந்தப் பாறையருகே கிடைக்கும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: “நினைவு இருக்கிறதா? மூச்சு விடுகிறாரா?”

இதற்கு “தெரியலை சார்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. தெரியாததில் வெட்கமில்லை. ஆனால் பார்த்துச் சொல்லலாம். தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். மார்பையும் வயிற்றையும் பத்து விநாடிக்குள் கூர்ந்து நோக்குங்கள். சீராக ஏறி இறங்குகிறதா? இங்கே ஒரு பொறி உண்டு. இதயம் நின்றுபோனவர்களில் சிலர் முதல் சில நிமிடங்கள் வாயைத் திறந்து, இடைவெளி விட்டு விட்டு, குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சை இழுப்பார்கள். கரையில் போட்ட மீன் வாய் திறப்பதைப் போல அது இருக்கும். அதைக் கண்ட உறவினர் “மூச்சு இருக்குது” என்று சொல்லிவிடுகிறார். அது உயிர்காக்கும் மூச்சன்று. “எப்படி விடுகிறார்? ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் சொல்லுங்கள்” என்று மறுமுனையில் இருப்பவர் கேட்டால், அவர் இந்தப் பொறியைத்தான் தேடுகிறார்.

நினைவும் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்கக் கூடாது. இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. எந்த ஊரிலும் எல்லா வீட்டுக்கும் நான்கு நிமிடத்தில் வண்டி வந்துவிடாது. ஆகவே தொலைபேசி வழியே மார்பு அழுத்தம் சொல்லித்தரும் முறை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிங் கவுண்டியில் 1980களின் தொடக்கத்தில் பழக்கத்துக்கு வந்தது. பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. மறுமுனையில் இருப்பவர் சொல்லித்தந்தால் அதன்படி செய்யுங்கள். முறை இதுதான்: நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றொரு கையை வையுங்கள். முழங்கை மடியாமல், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அருகே வைத்துவிட்டால் இரு கைகளும் விடுபடும். எலும்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் மெல்ல அழுத்துகிறார்கள். முறிந்த விலா எலும்பு கூடும்.

மூன்றாவது கேள்வி ‘என்ன நடந்தது’ என்பது. இதற்கு நோயின் பெயர் சொல்ல வேண்டியதில்லை. “அட்டாக்கு வந்துடுச்சு” என்பதை விட, “ஒரு மணி நேரமா நெஞ்சு அழுத்துது, வேர்த்துக் கொட்டுது” என்பது பயனுள்ள செய்தி. கண்டதைச் சொல்லுங்கள், முடிவை மருத்துவர் செய்யட்டும். வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டால் ஒரு நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? மூளை இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்துக்குள் தரப்படுவது. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால் கணக்கு எழுந்த நேரத்திலிருந்து அன்று, முந்தைய இரவு படுத்த நேரத்திலிருந்து தொடங்குகிறது.

பாம்புக்கடியில் இரண்டு வகை உண்டு. கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ நாகமோ கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியன்று. இரவில் தரையில் படுத்துறங்குபவரை வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும். விடியலில் வயிற்றுவலி, வாந்தி, இமை தூக்க முடியாமை என்று தொடங்கும்போது, ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். “தரையில் படுத்திருந்தார்” என்ற ஒரு சொல் மருத்துவரின் சிந்தனையைச் சரியான திசைக்குத் திருப்பும். கடித்த இடத்தை அறுக்காதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கையையோ காலையோ அசையாமல் வைத்துப் படுக்க வையுங்கள். பாம்பைத் துரத்திக் கொல்லும் நேரத்தில் வண்டி பாதி தூரம் வந்திருக்கும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு அழைப்பு உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று மேலே நிற்பவர் அழைக்கிறார். இங்கே அழைப்பு எடுப்பவரின் முதல் கடமை விழுந்தவரைப் பற்றியதன்று, பேசுபவரைப் பற்றியது. “நீங்களோ வேறு யாருமோ உள்ளே இறங்காதீர்கள்” என்பதே அவர் முதலில் சொல்ல வேண்டியது. அத்தகைய தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றமடிக்கும். செறிவு மிகும்போது மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாமல் போகும். நாற்றம் நின்றது, இனி ஆபத்தில்லை என்று நம்பி இறங்குபவர் அடுத்த பலியாகிறார். தம்பியைத் தூக்க அண்ணன், அண்ணனைத் தூக்கக் கூட்டாளி என்று ஒருவர்பின் ஒருவராக இறங்கி மாண்ட செய்திகள் தோல் தொழில் ஊர்களில் புதியவை அல்ல. மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர்களே இறங்க வேண்டும். எனவே “தொட்டிக்குள்” என்ற சொல்லை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீட்புப் படையும் கூடவே புறப்பட வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லால் விளங்கிவிடும்.

விபத்தைக் கண்டு அழைக்கத் தயங்குபவர்களுக்கு ஒன்று. உங்கள் எண்ணைக் கேட்பது இணைப்பு அறுந்தால் திரும்ப அழைக்கவே. உதவிய வழிப்போக்கரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 இல் உறுதிசெய்தது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு அவருக்குச் சட்டப் பாதுகாப்பும் தருகிறது.

இப்போது அந்த மருமகளின் அழைப்பை மீண்டும் நடத்திப் பார்ப்போம்.

“வணக்கம், 108. என்ன உதவி வேணும் அம்மா?”

“வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா, ஒடுகத்தூர் பக்கம் சார். எங்க ஊரு பேரு சொல்றேன், எழுதிக்குங்க. தண்ணி டேங்க்குக்கு எதிர்ல மூணாவது வீடு. எங்க மாமா பேசிட்டே இருந்தவரு விழுந்துட்டாரு. வயசு அறுபத்தி எட்டு.”

“கூப்பிட்டா கண்ணு தொறக்கறாரா?”

“தொறக்கறாரு சார். ஆனா பேச்சு குழறுது. வலது கை தூக்க முடியல.”

“எப்ப இருந்தும்மா?”

“இப்பத்தான், அஞ்சு நிமிஷம் இருக்கும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறாரு.”

“வண்டி கிளம்புதும்மா. வாயில தண்ணி, மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. டேங்க் கிட்ட யாரையாச்சும் டார்ச் வெச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. போனை யாரும் பயன்படுத்த வேணாம், டிரைவர் கூப்பிடுவாரு.”

முந்தைய அழைப்பை விட இது நீளமானது. ஆனால் இதில் வண்டி புறப்பட்டுவிட்டது.

மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமலே போவது ஒன்றுண்டு. அந்தப் பெரியவர் பிழைத்தாரா? வண்டி வந்து சேர்ந்ததும் அவருடைய பங்கு முடிந்து, அடுத்த அழைப்பு காதில் ஒலிக்கத் தொடங்கிவிடும். மருத்துவமனையில் பணிபுரியும் எங்களுக்கு நோயாளி வீடு திரும்பும் நாளைக் காணும் பேறு உண்டு, இழப்பின்போது உடன் நின்று துயரைப் பகிரும் வாய்ப்பும் உண்டு. அவருக்கு இரண்டும் இல்லை. நூறு கதைகளின் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு அவர் வீடு திரும்புகிறார். நேரில் காணாத துயரமும் மனத்தைக் காயப்படுத்தும் என்பதை இத்தொழிலில் உள்ளோரை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூக்கமின்மையும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் குரல்களும் அவர்களைத் தொடர்கின்றன. இடையிடையே விளையாட்டாக அழைத்துச் சிரித்துவிட்டு வைப்போரும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியை வைத்துக்கொண்டு என்ன எண்களை அழுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வேலை மாநிலம் முழுமைக்கும் ஒரே அறையில்தான் நடைபெற வேண்டும் என்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வளாகத்துக்கென்றே காவல் துறையும் அதற்கென ஓர் அழைப்பு அறையும் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 1894 இலேயே வளாகக் காவலைத் தொடங்கியது. அத்தகைய அறையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு அறைச் சாவி தொலைந்த மாணவரின் அழைப்பும் வரும், மூச்சு நின்ற மாணவரின் அழைப்பும் வரும். வளாகத்தில் ஆங்காங்கே நீல விளக்குடன் கூடிய அவசரத் தொலைபேசிக் கம்பங்கள் நிற்கும். பொத்தானை அழுத்தினாலே எந்தக் கம்பம் என்பது அறையில் தெரிந்துவிடும். அழைப்பவர் இடத்தைச் சொல்ல முடியாத நிலையிலும் இடம் தெரிந்துவிட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து.

பெரிய மருத்துவமனையும் ஒரு வளாகமே. இதை நோயாளிகளின் உறவினர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்குள் இருக்கும்போது உடன் வந்தவர் மயங்கி விழுந்தால் 108 ஐ அழைக்கத் தேவையில்லை. அருகிலுள்ள செவிலியரையோ பாதுகாவலரையோ உரக்கக் கூப்பிடுங்கள். பல மருத்துவமனைகளில் அவர்கள் ஓர் உள் எண்ணை அழைப்பார்கள், ‘கோட் ப்ளூ’ என்ற அறிவிப்பு எழும், புத்துயிர்ப்புக் குழு ஓடிவரும். அங்கேயும் முதல் கேள்வி இடம்தான். எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த வார்டு என்பவற்றை அனுமதியான அன்றே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உணவகம், மருந்தகத்து வரிசை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றில் விழுபவர்களும் உண்டு. அங்கே வார்டு எண் இராது, சுவரில் உள்ள பலகையைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

வீடு திரும்பியதும் ஒரு தாள் எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். முதல் வரியில் 108, 112. அடுத்து மாவட்டம், வட்டம், ஊராட்சி, ஊர், தெரு, வெளியூரார் அறியக்கூடிய ஓர் அடையாளம். அதன்கீழ் நோயாளியின் வயது, உள்ள நோய்கள், ஒவ்வாத மருந்துகள், மருத்துவமனைப் பதிவு எண். வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி இருக்கட்டும். ஒரு மாலையில் அதைப் படிக்கச் சொல்லி, நீங்கள் மறுமுனையில் இருப்பவராக அமர்ந்து கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு எந்த இடத்தில் நாக்குத் தடுமாறுகிறதோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். மாத்திரைகளின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், அடுத்த மறுபரிசோதனையில் அவை மாறக்கூடும்.